ஓரியின் வில்லுக்கு உரியவர் யார்?

கொல்லிமலையின் அடிவாரத்திலே முள்ளுக்குறிச்சி என்றோர் ஊர் உண்டு. இராசிபுரம் பக்கத்திலிருந்து மலைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று அவ்வூரின் வழியே செல்கிறது. குச்சிக்கிழங்கும் மஞ்சளும் விளையும் நிலம். வாயிற்படியில் நின்று தலை நிமிர்ந்தால் மலை தெரியும். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற நான் இப்போது வாழ்வது அங்கேதான்.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. ஐந்து இளைஞர்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்தார்கள். ஐவரும் என்னிடம் பயின்றவர்களின் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் கையில் தடித்த குறிப்பேடு ஒன்று இருந்தது. அதைத் தயக்கத்தோடு என் முன் வைத்து, "ஐயா, வல்வில் ஓரியின் கதையை நாங்கள் ஒரு விளையாட்டாக ஆக்கியிருக்கிறோம். மூன்று ஆண்டு உழைப்பு. முந்நூறு பிரதி அச்சிட்டு விற்கலாம் என்று எண்ணுகிறோம். எங்கள் மேல் வழக்கு வருமா?" என்று கேட்டான்.

கேள்வி எளியது, விடை எளியதன்று. அந்த விடையைத் தேடி நான் அறிந்தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த விளையாட்டு எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் வில்வீரர், ஒருவர் பாணர், ஒருவர் மருத்துவர். "நீங்கள் மலைச்சரிவில் நிற்கிறீர்கள், எதிரே புகை தெரிகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். அவரவர் தம் பாத்திரத்திற்கேற்ப விடை சொல்ல வேண்டும். முயற்சி பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் பக்கத்துக் கூத்தில் கதை எல்லோரும் அறிந்ததே. ஆயினும் கட்டியங்காரன் பேசும் பேச்சு அன்றிரவுக்கு உரியது. இங்கோ கதையின் முடிவுகூட அன்றிரவுக்கே உரியது. அவ்வளவுதான் வேற்றுமை. இவ்வகை விளையாட்டுக்கு வழிகாட்டியாக நின்றது, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு.

குறிப்பேட்டை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். அதில் மூவகைச் சரக்கு இருந்தது. ஒன்று, ஆடும் விதிகள். இரண்டு, ஓரி, கொல்லிப்பாவை முதலிய பழங்கதைகள். மூன்று, நம்மிடையே வாழும் எழுத்தாளர் ஒருவரின் சரித்திர நாவலிலிருந்து எடுத்த ஒரு பாத்திரம். இம்மூன்றுக்கும் சட்டம் ஒரே விடை சொல்வதில்லை. ஆகையால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, விதிகள். பதிப்புரிமை என்பது கருத்துக்குக் கிடைக்கும் காவல் அன்று. கருத்தைச் சொன்ன முறைக்குக் கிடைக்கும் காவல். இந்த அடிப்படையை 1978இல் நம் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றி விளக்கியது. ஆர். ஜி. ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்றொரு நாடகம் எழுதினார். 1956இல் வெளிவந்த 'நியூ டெல்லி' என்ற திரைப்படம் தம் நாடகத்தின் நகல் என்று வழக்குத் தொடுத்தார். இரண்டிலும் மாகாண வேற்றுமை பாராட்டுவதைக் கண்டிக்கும் கருத்து இருந்தது உண்மையே. ஆனால் கருத்து, கதைப்பொருள், வரலாற்று நிகழ்ச்சி, புராணச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது; அவற்றை ஓர் ஆசிரியர் அமைத்து வெளியிட்ட வடிவத்துக்கே உரிமை உண்டு என்று கூறி, நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று.

விளையாட்டைப் பற்றியே ஒரு வழக்கு 2008இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. எழுத்துக் கட்டைகளைக் கட்டத்தில் அடுக்கிச் சொல் அமைக்கும் 'ஸ்கிராபிள்' என்ற விளையாட்டை நேயர்கள் பலர் அறிவீர்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா என்னும் சகோதரர்கள் அதைப் போன்றதொன்றை 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயரில் கணினி வலையில் உலவவிட்டார்கள். மேட்டல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பலகையின் அமைப்பும் விதிகளும் ஆட்டத்தோடு பிரிக்க முடியாதபடி ஒன்றியவை; அவற்றுக்குப் பதிப்புரிமை என்று தடை விதிக்க இயலாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் கூறியது. ஆனால் பெயர் வேறு விஷயம். 'ஸ்கிராபுலஸ்' என்னும் பெயர் மற்றவரின் வணிகக் குறியோடு மயங்குவதாகையால் அப்பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆட்டத்தை ஆடலாம், பெயரைச் சூட்டிக்கொள்ளலாகாது என்பதே அதன் சாரம்.

நம் வீட்டுத் தாயத்துக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் உரிமையாளர் எவரும் இல்லை. ஆயினும் ஒருவர் ஆடுபுலி ஆட்டத்தை விளக்கி ஒரு சிறு நூல் எழுதி, அழகிய படமும் வரைந்து வெளியிட்டால், அந்த விளக்கத்துக்கும் படத்துக்கும் உரியவர் அவரே. புலி எல்லோருக்கும் பொது. அவர் வரைந்த புலி அவருடையது.

நம் இளைஞர்கள் தவறியது இவ்விடத்தில்தான். பகடையை உருட்டும் முறையை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கில விதிநூலின் பக்கங்களை வரிக்கு வரி தமிழாக்கிச் சேர்த்திருந்தார்கள். "மொழிபெயர்ப்பு எங்கள் உழைப்புத்தானே, ஐயா?" என்று கேட்டார்கள். உழைப்பு அவர்களுடையதே. ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமையின் ஒரு கூறு என்று நமது 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மூலவரின் இசைவின்றி மொழிபெயர்ப்பை வெளியிட இயலாது.

இரண்டாவது, பழங்கதைகள். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய வேட்டுவனைப் பற்றிய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. அவனே ஓரி என்று கொள்வது மரபு. காரி என்பவன் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்ததும் சங்க நூல்கள் கூறும் செய்தியே. இவற்றுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. அச்சு நூல்களின் ஆசிரியருக்கு உரிமை வழங்கிய முதற்சட்டம் என்று கூறப்படுவது இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்தது. அதுவே 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு என்று எல்லை வகுத்தது. எல்லையில்லா உரிமை என்பது தொடக்கத்திலிருந்தே இச்சட்டத்தின் நோக்கமன்று. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு என்று வைத்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்களுக்குக் காலம் முடிந்த தறுவாயில், 1992இல் அது 60 ஆண்டாக உயர்த்தப்பட்டது.

காலம் முடியுமுன்பே பொதுச்சொத்து ஆவதும் உண்டு. பாரதியாரின் வரலாறு அதற்கு முதற்சான்று. 1921இல் அவர் மறைந்த பின், அவர் நூல்களை வெளியிடும் உரிமை ஓரிடத்திலும், பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை வேறிடத்திலுமாகப் பிரிந்து நின்றது. பின்னதை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் விலை கொடுத்து வாங்கியிருந்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் 1948இல் வெளிவந்த தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்றைச் சேர்க்கவே, உரிமைப் பூசல் எழுந்தது. பாரதியின் பாட்டைப் பாட ஒருவர் அனுமதி கேட்பதா என்று நாடெங்கும் குரல் கிளம்பியது. 1949இல் சென்னை மாகாண அரசாங்கம் அவ்வுரிமையைத் தன்வயமாக்கிற்று. செட்டியாரும் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பிற்பாடு அது மக்கள் அனைவருக்கும் பொதுவாயிற்று. இல்லையேல் 1971 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். அன்று தொடங்கிய மரபில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்கள், மரபுரிமையாளருக்குத் தொகை வழங்கி, நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. கல்கியின் நூல்களும், எங்கள் மாவட்டத்து நாமக்கல் கவிஞரின் நூல்களும் அவற்றுள் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நூல் பொதுவாகிவிட்டது. அதைத் தழுவி 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்கள் பொதுவாகவில்லை. வந்தியத்தேவனை வைத்து யாரும் ஒரு விளையாட்டு இயற்றலாம். ஆனால் திரையில் வந்த உருவத்தையும் உடையையும் உரையாடலையும் எடுத்து அட்டையில் அச்சிடலாகாது. பழைய கிணற்று நீர் ஊருக்குப் பொது. ஒருவர் அந்நீரை முகந்து வைத்த குடம் பொதுவன்று.

இனி மூன்றாவதற்கு வருவோம். அதுதான் எங்கள் திண்ணையில் கண்ணீர் வரவழைத்தது.

அந்த நாவலாசிரியை தம் கதையில் ஒரு பெண்ணைப் படைத்திருந்தார். சங்க நூல் எதிலும் அவள் இல்லை. அவள் பெயரும் பேச்சும் துயரமும் முற்றும் அவ்வாசிரியையின் கற்பனை. ஐவருள் இளையவன் மூன்று ஆண்டுகளாக அந்தப் பாத்திரத்தையே ஏற்று ஆடி வந்தான். "அவள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை" என்றான். "நாங்கள் அவரை இகழவில்லையே, அன்பினால்தானே எடுத்தோம்?" என்றும் கேட்டான்.

அன்பு குற்றமன்று. வீட்டுத் திண்ணையில் நாலு பேர் ஆடுவதைச் சட்டம் தேடிக்கொண்டு வருவதில்லை. சொந்த உபயோகத்துக்காக நேர்மையான அளவில் கையாளுவதை அது அனுமதிக்கிறது. தொழில்முறையல்லாத ஒரு சங்கத்தார் கட்டணமின்றி மக்கள் முன் ஒரு நாடகத்தை நடிப்பதும் குற்றமாகாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அச்சிட்டு விற்பது வேறு. அங்கே அன்பு மட்டும் போதாது, அனுமதி வேண்டும்.

இந்தச் சிக்கலை உலகின் பிற பகுதியினரும் சந்தித்திருக்கிறார்கள். நான் முன்னே சொன்ன அமெரிக்க விளையாட்டின் முதற்பதிப்பில், ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த 'ஹாபிட்' என்னும் குறுமக்கள் அதே பெயரில் இடம் பெற்றிருந்தார்கள். உரிமையாளர் தரப்பு ஆட்சேபித்தது. அதன்பின் அவர்கள் 'ஹாஃப்லிங்' என்று பெயர் மாறினார்கள். பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டு தொடங்கிய விளையாட்டே பின்னாளில் பிறர் தன்னிடமிருந்து எடுப்பதைப் பற்றி முடிவு செய்ய நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 'திறந்த விளையாட்டு உரிமம்' ஒன்றை வெளியிட்டது. விதிகளின் அடிப்படைப் பகுதியை யாரும் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம். தனிப் பாத்திரங்களையும் உலகங்களையும் பெயர்களையும் மட்டும் தொடலாகாது என்பது அதன் ஏற்பாடு. அதை நம்பிப் பல சிறு பதிப்பகங்கள் தோன்றின. பல குடும்பங்கள் பிழைத்தன.

22 ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜனவரியில், அந்த உரிமத்தை மாற்றப்போவதாக ஒரு வரைவு வெளியே கசிந்தது. ஆண்டு வருவாய் 750,000 டாலருக்கு மேற்பட்டால் மிகுதியில் நூற்றுக்கு 25 வரை பங்கு கேட்கலாம் என்றும், பழைய உரிமம் இனிச் செல்லாது என்றும் அதில் இருந்தது. விளையாடுவோர் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதியே நிறுவனம் பின்வாங்கியது. அடிப்படை விதிகள் அடங்கிய ஆவணம் முழுவதையும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் பொது உரிமத்தின் கீழ், திரும்பப் பெற முடியாதபடி, வெளியிட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு, உரிமத்தையும் சுட்டி, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்லிவிட்டால், எவரும் அதை எம்மொழியிலும் பெயர்க்கலாம், விற்கலாம்.

இதில் நாம் அறியத்தக்க பாடம் ஒன்று உண்டு. "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்வதும், எழுத்தில் எல்லை வகுத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. எழுதியதிலும், திரும்பப் பெறக்கூடியது எது, பெற முடியாதது எது என்று தெளிவாக இருத்தல் வேண்டும்.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டு விழாவுக்காக ஓரியைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். ஒருவர் வந்து, "எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் நடிக்கட்டுமே" என்று கையெழுத்துப் பிரதியைக் கேட்டார். மகிழ்ச்சியோடு கொடுத்தேன். இரண்டு ஆண்டு கழித்து அது ஒரு சிறு புத்தகமாக வந்தது. ஆசிரியர் பெயர் என்னுடையதன்று. ஓரி இறக்கும் காட்சி நீக்கப்பட்டு, அவன் வென்றதாக முடிவும் மாற்றப்பட்டிருந்தது. பணம் போனது எனக்கு வருத்தமில்லை. வந்திருந்தாலும் பெருந்தொகை வந்திராது. என் மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, இது நீங்கள் எழுதியதைப் போலவே இருக்கிறதே" என்று கேட்டபோது எனக்கு நாவெழவில்லை. நடிக்க மட்டுமே கொடுத்தேன் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

ஒரு நூலாசிரியர் உரிமையை விற்றுவிட்ட பின்னும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், தம் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் அவரை விட்டு நீங்குவதில்லை என்று நம் சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுகிறது. உரிமம் எழுத்திலேயே இருக்க வேண்டும் என்றும், எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ள வேண்டுமென்று அச்சட்டமே வழிகாட்டுகிறது. இவை எவையும் அன்று எனக்குத் தெரியா.

ஆகவே அந்த இளைஞர்களிடம், "நாவலாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்" என்றேன். "மறுத்துவிட்டால்?" என்றான் இளையவன். "மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் கேட்பது கேட்பதாகுமா?" என்றேன்.

கடிதம் எழுதினார்கள். எதை எடுத்தோம், எவ்வளவு எடுத்தோம், எத்தனை பிரதி, என்ன விலை என்று ஒளிக்காமல் எழுதச் செய்தேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தம் பாத்திரத்தை ஊர்க்கூட்டங்களிலும் நூலகத்திலும் கட்டணமின்றி ஆடும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள அவர் மகிழ்ச்சியோடு இசைந்திருந்தார். விற்பனைப் பிரதியில் சேர்க்க வேண்டாம் என்றும், தாம் அவளை வைத்து இன்னும் ஒரு நூல் எழுதிக்கொண்டிருப்பதாகவும் தெரிவித்திருந்தார். இறுதியில், ஆட்டம் எப்படி இருந்தது என்று தமக்கு எழுத வேண்டுமென்று கேட்டிருந்தார்.

இளையவன் இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். அவன் கையில் புதிய தாள்கள் இருந்தன. உப்பு வண்டியோடு மலையடிக்கு வந்து, வழி தவறித் தங்கிவிட்ட உமணர் குலத்துப் பெண் ஒருத்தியை அவனே படைத்திருந்தான். அவள் முந்தியவளைப் போல் அழகாகப் பேசுகிறவள் அல்லள். கணக்குப் பார்த்துப் பேசுகிறவள். அவனுடைய பாட்டி சந்தையில் மிளகு விற்ற கதையெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. படித்துப் பார்த்த நான், இனி இந்தக் குறிப்பேடு இவர்களுடையதே என்று உணர்ந்தேன். வரிக்கு வரி பெயர்த்த விதிகளையும் நீக்கினார்கள். பொது உரிமத்தில் உள்ள ஆவணத்திலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, மூலத்தையும் உரிமத்தையும் செய்த மாற்றத்தையும் முதற்பக்கத்திலேயே குறிப்பிட்டார்கள்.

கடைசிப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று ஒரு விவாதம் எழுந்தது. ஒருவன், "எல்லா உரிமையும் எமக்கே என்று போட்டுவிடலாம்" என்றான். நான் கேட்டேன்: "நாளை சேந்தமங்கலத்திலோ ஆத்தூரிலோ ஐந்து பிள்ளைகள் உங்கள் விளையாட்டில் ஆசை கொண்டு, அதற்கு ஒரு புதுக்கதை எழுதினால், அவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?" ஐவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நாலு வாக்கியம் எழுதினார்கள். இதை யாரும் ஆடலாம். புதுக்கதை இயற்றிக் கட்டணமின்றிப் பரப்பலாம். எங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும், ஆனால் நாங்களே வெளியிட்டதாகத் தோன்றச் செய்யலாகாது. விற்பதாயின் எழுதிக் கேளுங்கள், பதில் எழுதுவோம். அடியில் நாளிட்டு, ஐவரும் கையெழுத்திட்டார்கள்.

நேயர்களே! உங்கள் இல்லங்களிலும் எழுதுகிற, வரைகிற, பாடுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு இம்மூன்றைச் சொல்லி வையுங்கள். பழையதை அச்சமின்றி எடுத்தாளுங்கள். அது முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. வாழ்பவருடையதைக் கேட்டு எடுத்தாளுங்கள். மறுத்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுடையதைக் கொடுக்கும்போது எழுதிக் கொடுங்கள்.

ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அவனுக்கு விழா எடுக்கிறோம். அவன் வில்லை இன்று எவர் வேண்டுமானாலும் தம் கதையில் வளைக்கலாம். அதற்கு அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அவனைப் போல் கொடை வழங்க விரும்புகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தம்முடையதைக் கொடுத்தவனைத்தான் உலகம் வள்ளல் என்று போற்றுகிறது. பிறர் பொருளை எடுத்து வழங்கியவனை அன்று.